அரை மில்லிமீட்டர் நுனியும் ஒரு துண்டுக் காகிதமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பஞ்சில் பொதிந்து ஒரு புதைபடிவ நத்தையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் பருமன், நீண்ட கூம்பு வடிவம், கண்ணாடி போன்ற பளபளப்பு. ஒட்டியிருந்த பாறைத் தூள் போகட்டும் என்று ஒரு நாள் முழுக்க வினிகரில் ஊறவைத்து, பிறகு தேய்த்து எடுத்ததாகச் சொன்னார். "ஜுராசிக் காலத்து நத்தை. புதிய இனமாக இருக்குமா?" என்று கேட்டார். இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டிய மூன்றுமே அதில் இல்லை: மேற்பரப்பின் வரிகள் இல்லை, ஓட்டின் நுனி இல்லை, கிடைத்த இடமும் தெரியவில்லை. அக்கறையோடு செய்த வேலையால் அழிந்துபோனது என்பதால்தான் எனக்கு வருத்தம் கூடுதல்.

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். சுண்ணாம்புப் பாறையும் கால்சியம் கார்பனேட், நத்தை ஓடும் கால்சியம் கார்பனேட். எது பாறை, எது ஓடு என்று அமிலத்துக்குத் தெரியாது. முதலில் கரைவது மிக மெல்லிய வரிகள். ஓடு இந்த அமிலத்தில் கரையாத சிலிக்காவாக மாறியிருந்தால் மட்டுமே ஆய்வகத்தில் நாங்கள் அமிலத்தைத் தொடுவோம். மற்றபடி நுண்ணோக்கியின் கீழே ஊசியால் மணல்மணியாகப் பாறையை விலக்குகிறோம். ஒரு சிறிய ஓட்டுக்கே சில நாள்கள் பிடிக்கும்.

அந்த வரிகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? நத்தை தன் ஓட்டை வாயின் விளிம்பில்தான் நீட்டிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு வளர்ச்சி வரியும் ஒருகாலத்தில் வாய் விளிம்பாக இருந்த கோடு. வாய் உடைந்துபோன ஓட்டிலும் அந்த வாய் எப்படி இருந்தது என்று வரிகளிலிருந்து வாசித்துவிடலாம். ப்ளூரோடோமேரியா குழுவின் ஓட்டு வாயில் கழிவுநீர் வெளியேற ஒரு பிளவு உண்டு. ஓடு வளர வளர அந்தப் பிளவு பின்னாலிருந்து அடைபட்டு, ஓட்டைச் சுற்றி ஒரு பட்டையாகப் பதிந்துவிடும். ஜுராசிக் கடல்களில் பெருகியிருந்த இந்தக் குழுவைப் புதைபடிவமாகவே அறிந்திருந்தவர்களுக்கு, 1856-இல் கரீபியக் கடலிலிருந்து தற்கால இனம் ஒன்று விவரிக்கப்பட்டது பெரும் வியப்பாக இருந்தது. அதை இனங்காட்டியதும் அதே பிளவும் பட்டையும்தான்.

நுனியின் கதை இதைவிட முக்கியமானது. உயரமான கூம்பு வடிவம், தொடர்பே இல்லாத பல நத்தைக் குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் அந்நியர்களை உடன்பிறந்தவர்கள் என்று எழுதிவிடுவோம். நுனியில் இருப்பது இளம்புழுப் பருவத்து ஓடு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சில சமயம் அதில் பாதி. ஒரு பெரிய பிரிவில் அந்தக் குட்டி ஓடு ஒரு திசையில் சுழன்று தொடங்கி, வளர்ந்த ஓடு எதிர்த்திசையில் திரும்பிவிடும். (இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை: நாம் வலம்புரி என்று சொல்லும் சங்கைச் சங்கியல் நூல்கள் இடப்பக்கச் சுருள் என்கின்றன. நுனியை மேலே வைத்து, வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்து, வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே அவை பெயரிடுகின்றன.) அந்த நுனி இன்னொன்றும் சொல்லும். மிகச் சிறிதாகத் தொடங்கிப் பல சுற்றுகள் சுற்றியிருந்தால், குட்டி நெடுநாள் கடல்நீரில் மிதந்து தீனி தின்றிருக்கிறது. பருத்த தொடக்கமும் குறைந்த சுற்றுகளும் இருந்தால், பிறந்த இடத்தருகிலேயே ஊர்ந்திருக்கிறது. வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு பாறைகளில் ஒரே சிற்றினம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு இது நேரடியாகப் பயன்படுகிறது.

பலர் தூக்கி எறியும் பொருள் ஒன்று உண்டு. நத்தை ஓடுகள் பெரும்பாலும் அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனவை. பாறைக்குள் அது எளிதில் கரைந்துபோகிறது. மிஞ்சுவது ஓட்டுக்குள் இறுகிய சேற்றின் வார்ப்பு. பாறையை உடைத்ததும் அந்த வார்ப்பு உருண்டு விழும். எல்லோரும் அதை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வெளிப்புற அலங்காரம் முழுவதும் பதிந்திருப்பது, வார்ப்பு பெயர்ந்து வந்த அந்தப் பள்ளத்தில். சிலிக்கோனை அதில் ஊற்றி எடுத்தால் மறைந்துபோன ஓட்டின் உருவம் அப்படியே கிடைக்கும். தயவுசெய்து இரண்டு பாதியையும் எடுத்து வையுங்கள்.

பிறகு அந்தத் துண்டுக் காகிதம். ஜுராசிக் காலம் ஏறத்தாழ 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. "ஜுராசிக்" என்று மட்டும் எழுதினால் ஐந்தரைக் கோடி ஆண்டு அகலத்தில் எங்கோ ஒரு புள்ளி என்றே பொருள். அதே அடுக்கில் கிடக்கும் அம்மோனைட்டுகள், அதாவது இன்று அற்றுப்போன சுருள் ஓட்டுக் கடல் விலங்குகள், வேகமாக மாறிவந்தவை. அவற்றைக் கொண்டு வயதை மிக நுட்பமாகக் குறுக்கிவிடலாம். எந்த இடம், எந்த அடுக்கு, கூட என்ன கிடந்தது என்று பென்சிலால் எழுதி அங்கேயே ஓட்டோடு வைத்துவிட வேண்டும். வீடு திரும்பியபின் எழுதும் குறிப்பை நான் அரை மனதோடுதான் நம்புவேன். எடுப்பதற்கு முன் அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

பெயர் சூட்டுவது கடைசிப் படி. 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தச் சிற்றினப் பெயருக்கும், அந்தப் பெயரைத் தாங்கும் மாதிரி எது, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. பெரும்பாலும் அது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஓடு. இந்த விதியின் அருமை அல்சீட் தோர்பின்யியின் வேலையைப் பார்த்தால் தெரியும். அந்தப் பிரெஞ்சு ஆய்வாளர் 1850 முதல் வெளியிட்ட பெரும் பட்டியலில் ஆயிரக்கணக்கான புதைபடிவ இனங்களுக்கு ஓரிரு வரி விளக்கத்தோடு, படமில்லாமல் பெயர் வைத்தார். விளக்கத்தை மட்டும் வைத்துப் பல நத்தைகளை அடையாளம் காண முடியாது. அவர் சேகரித்த ஓடுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருப்பதால், பின்வந்தவர்கள் அவற்றை எடுத்துப் பார்த்துப் படம் வெளியிட முடிந்தது.

சென்ற ஆண்டு வேறொருவர் கழுவாத கல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பாதியில் ஓடு, மறுபாதியில் அதன் பதிவு, ரப்பர் வளையத்தில் செருகிய காகிதம், அதில் அடுக்கின் சிறு வரைபடம். பதினொரு நாள் ஊசி வேலைக்குப் பிறகு நுனி வெளிப்பட்டது. முதல் சுற்று எதிர்த்திசையில் சுழல்கிறது. அம்மோனியம் குளோரைடு புகையால் வெண்பூச்சிட்டுப் படம் எடுத்தாகிவிட்டது. ஒத்த தோற்றமுள்ள மூன்று சிற்றினங்களில் இரண்டு வேறு என்று தெளிவாகிவிட்டது. மூன்றாவதன் ஹோலோடைப் வேறொரு நாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நுனியைப் படம் எடுத்து அனுப்பும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை இந்த ஓட்டின் பெட்டியில் பேரினப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும்.