தேக்கரண்டி: சொல்லும் அளவும்

டீஸ்பூனுக்குத் தமிழில் தேக்கரண்டி. இன்றைய மெட்ரிக் கணக்கில் 5 மில்லிலிட்டர். டேபிள்ஸ்பூன் என்பது மேசைக்கரண்டி, 15 மி.லி. அதாவது 3 தேக்கரண்டி சேர்ந்தால் 1 மேசைக்கரண்டி.

தேநீர், தேயிலை இரண்டிலும் வரும் அதே 'தே'தான் இதிலும் இருக்கிறது. தென்சீனத்தின் மின்னான் பேச்சில் தேயிலையின் பெயரே 'தே'. டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்த ஒலிதான் ஆங்கிலத்தில் 'டீ' ஆனது. ஆக, டீஸ்பூனுக்கும் தேக்கரண்டிக்கும் முதல் பாதி ஒரே இடத்துச் சரக்கு. கரண்டி நமக்குப் பழகிய சொல். கொத்தனார் கையில் இருப்பதும் கரண்டிதான். நடுவில் 'க்' மிகும். 'தேகரண்டி' என்று எழுதுவது பிழை.

5 மி.லி. என்பது ஆதியிலிருந்தே இருந்த அளவு அல்ல. தேயிலை விலை உயர்ந்த பண்டமாக இருந்த 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் கரண்டியும் சிறிதாகவே இருந்தது. மருந்து கலப்பவர்கள் அதை 1 திரவ டிராம், ஏறக்குறைய 3.5 மி.லி., என்று கணக்கு வைத்தார்கள். அப்போது மேசைக்கரண்டிக்கு 4 தேக்கரண்டி. பிறகு கரண்டி பெரிதாக, கணக்கு மூன்றாகச் சுருங்கியது. ஆஸ்திரேலியாவில் மட்டும் மேசைக்கரண்டி 20 மி.லி.; அங்கே இன்றும் 4 தேக்கரண்டிதான்.

'கப்' இன்னும் குழப்பமானது. மெட்ரிக் கப் 250 மி.லி., அமெரிக்கக் கப் சுமார் 237, ஜப்பானியக் கப் 200. இதைப் பலர் கோப்பை என்கிறார்கள். கோப்பையும் போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் ஊன்றிவிட்டது. எனக்குக் குவளை பிடிக்கும். எதை எழுதினாலும் சரி, பக்கத்தில் மி.லி. இல்லையென்றால் படிப்பவர் எந்த நாட்டுக் கப் என்று தேட வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் முகத்தல் அளவைகள். முகத்தல் என்றால் மொள்ளுதல். எடுத்தல் அளவை, அதாவது எடை, வேறு. 5 மி.லி. தண்ணீர் 5 கிராம். அதே கரண்டியில் தலைதட்டிய தூள் உப்பு சுமார் 6 கிராம், சர்க்கரை சுமார் 4 கிராம். மி.லி.யை அப்படியே கிராமாக மாற்றிவிடும் பழக்கம் தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும்.

சுருக்கி எழுதும்போது கவனம் தேவை. 'டீ', 'டே' என்று ஓரெழுத்தில் முடித்தால் ஒரு குறி மாறினாலே அளவு மூன்று மடங்காகிவிடும். குழம்பில் உப்பு கரித்தால் போகட்டும், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தில் அப்படி விட முடியாது. தே.க., மே.க. என்பவை கண்ணுக்குத் தெளிவாக வேறுபடுகின்றன. அப்புறம், வீட்டில் கிடக்கும் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தை அதனுடன் வரும் அளவு மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ மி.லி. பார்த்தே அளக்க வேண்டும்.