மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடிகாலை புதுசாக ரோடு பைக் என்ற வேக சைக்கிளை இறக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் நாள் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்புவதற்குள் நாக்கு தள்ளிவிடும். இரண்டு மூன்று வாரம் விடாமல் ஓட்டினால் அதே தூரம் லேசாகிவிடும். "பரவாயில்லையே, ஸ்டாமினா ஏறிடுச்சு" என்று அடுத்த ஞாயிறே மாமல்லபுரம், அதுவும் பெரிய கியரில், பழைய ஆட்களோடு போட்டி போட்டு. அப்புறம் முழங்கால் வலி என்று வண்டி ஒரு மாதம் பால்கனியில் தூங்கும்.

ஸ்டாமினா ஏறியது உண்மைதான். ஆனால் உடம்பின் எல்லாப் பாகத்திலும் ஏறவில்லை.

முதலில் மாறுவது ரத்தம். சில நாள் தொடர்ந்து வியர்க்க வியர்க்க மிதித்தால், சிறுநீரகம் உப்பையும் நீரையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் பிளாஸ்மாவின், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியின், அளவு 10 சதவீதம் வரை கூடிவிடலாம். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அதிகமாவதால் அதன் அறைகள் நன்றாக நிரம்பி விரிகின்றன. விரிந்த தசை இன்னும் பலமாகச் சுருங்கும். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் கூடுவதால், அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடித்தாலே போதும். தொடைத் தசை மட்டும் இன்னும் ஏறக்குறைய பழைய தசைதான்.

தசைக்குள் நடப்பது வாரக்கணக்கு வேலை. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டார். ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், சுமார் மூன்று மாதம் கழித்துக் கால் தசையைச் சோதித்தபோது, ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரித்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. கூடவே தசை இழைகளைச் சுற்றி ரத்த நுண்குழாய்களும் புதிதாக முளைக்கின்றன.

இதில் லாபம் எரிபொருளில். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அதிகம் போனால் 2,000 கலோரிக்கு வரும். உடம்பிலுள்ள 10 கிலோ கொழுப்பிலோ 70,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அது வீட்டுப் பத்திரம் மாதிரி. மதிப்பு பெரிசு, அவசரத்துக்குக் காசாக மாறாது. கொழுப்பை எரிக்க மைட்டோகாண்ட்ரியாவும் தாராளமான ஆக்சிஜனும் வேண்டும். புதியவருக்கு மைட்டோகாண்ட்ரியா குறைவு என்பதால் சாதாரண வேகத்திலேயே கிளைகோஜன் கரைகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம் கணக்குக்குச் சரியாக வரும்.

சரி, எவ்வளவு வேகம்? பயிற்சி இல்லாத ஒருவருக்கு, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம், முழு முயற்சியில் பாதி அளவை எட்டும்போதே கிட்டத்தட்ட உச்சத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் மிதித்தால் துடிப்புதான் கூடும். அதாவது மெதுவாக ஓட்டினாலும் இதயத்துக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. மறுநாளும் ஓட்டத் தெம்பிருக்கும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். என்னைக் கேட்டால், முதல் மூன்று மாதம் ஆவரேஜ் ஸ்பீடை சைக்கிள் மீட்டரின் திரையிலிருந்தே மறைத்துவிடலாம். காற்றைக் கிழிக்க ஒவ்வொரு நொடியும் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. 25இலிருந்து 30 கிலோமீட்டருக்குப் போனால் அதற்கு மட்டுமே 1.7 மடங்கு வேண்டும். எதிரே கடற்காற்று வீசினால் ஆவரேஜ் ஸ்பீடுக்கு அர்த்தமே கிடையாது.

வெயிலும் வேகக் கணக்கைக் கெடுக்கும். நாம் எரிக்கும் ஆற்றலில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடு. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போவதால், சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. அதே வேகத்தில் போனாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாகப் பழகுவது தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நாண். ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். முழங்கால் சில்லுக்குக் கீழே தொட்டால் வலிப்பது பல நேரம் இதுதான். நிமிடத்துக்கு 60 பெடல் சுற்றில் கனமான கியரைத் தள்ளுவதும், 85 சுற்றில் லேசான கியரைச் சுழற்றுவதும் ஒரே வேகத்தைத் தரலாம். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் நாணில் விழும் இழுப்பு முதலாவதில்தான் அதிகம். சீட் தாழ்வாக இருந்தாலும் முழங்கால் அதிகம் மடங்கி இதே தொல்லை வரும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்று பார்த்தால் ஆரம்பத்துக்குப் போதும். வாரத்துக்கு 10 சதவீதம்தான் கூட்டணும் என்பார்கள். அது வெறும் கைக்கணக்கு. ஆனாலும் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாமல் இருப்பதும், மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் குறைப்பதும் நாணுக்கு அவகாசம் தரும்.

200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம், என்றதும் மலைக்கிறவர்கள் நேர வரம்பைப் பார்க்க வேண்டும்: பதின்மூன்றரை மணி நேரம். டீக்கடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு.