டிப்ளமேட்: தூதரா, இராஜதந்திரியா?

'டிப்ளமேட்' (diplomat) என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஓய்வுபெற்ற பிரித்தானிய டிப்ளமேட் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, 'முன்னாள் தூதர்' என்று குறித்துவிட்டுக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அத்தகைய ஒருவரான ராட்ரிக் பிரெய்த்வெயிட்டின் பணி வரலாற்றைப் பார்த்தால் அதிலுள்ள பிழை விளங்கும். 1955இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, ஜகார்த்தா, வார்சா, மாஸ்கோ, ரோம், வாஷிங்டன் முதலிய நகரங்களில் பணியாற்றிய அவர், சோவியத் ஒன்றியத்துக்கான தூதராக அமர்த்தப்பட்டது 1988இல்தான். இடைப்பட்ட 33 ஆண்டுகளும் அவர் டிப்ளமேட்டாகவே இருந்தார், தூதராக இருக்கவில்லை. தூதர் என்பது பதவி. டிப்ளமேட் என்பது தொழில்.

டிப்ளமேட் என்னும் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'டிப்ளோமா' என்றால் இரண்டாக மடிக்கப்பட்டது என்று பொருள். உரோமப் பேரரசில் அரசு வழங்கிய பயண அனுமதிச் சீட்டுக்கும் உரிமை ஆவணத்துக்கும் இப்பெயர் வழங்கியது. (பல்கலைக்கழகம் தரும் பட்டயத்துக்கும் இதே பெயர்தான்.) பின்னர்ப் பழைய அரசு ஆவணங்களை ஆராயும் துறையையும், அதன் வழியே அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளையும் சுட்டிய இச்சொல், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு மொழியில் அவ்வுடன்படிக்கைகளைப் பேசி முடிக்கும் மனிதரையே குறிக்கத் தொடங்கியது. ஏட்டின் பெயர் ஆளுக்கு வந்து சேர்ந்த கதை இது.

தமிழில் 'தூது' மிகப் பழைய சொல். ஓதல், பகை, தூது என மூன்றையும் தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களாகத் தொல்காப்பியம் சொல்கிறது. திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அங்கே தூது என்பது போய்ச் சொல்லித் திரும்பும் ஒரு செயல். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் புலவரே. தூது அவருடைய தொழிலன்று. அயல்நாட்டுத் தலைநகரில் ஆண்டுக்கணக்கில் தங்கி, படிப்படியாகப் பதவி உயர்ந்து, ஓய்வூதியத்துடன் வெளியேறும் இன்றைய பணிக்கு அச்சொல் முழுமையாகப் பொருந்தாது.

'இராஜதந்திரி' என்பது இலங்கைத் தமிழில் இன்றும் இயல்பான சொல். தமிழ்நாட்டிலோ 'தந்திரம்' என்றவுடன் நரிதான் நினைவுக்கு வருகிறது. வடமொழியில் அதற்குள்ள 'முறை', 'நெறி' என்னும் பொருள் மறைந்துவிட்டது. கோப்புகளுக்கு நடுவே காலம் கழித்த ஓர் அலுவலரை இராஜதந்திரி என்றால், பாராட்டா கிண்டலா என்று வாசகர் ஐயுறுவார்.

ஐ.எஃப்.எஸ். என்பதை 'இந்திய வெளியுறவுப் பணி' என்று ஏற்கெனவே சொல்லி வருகிறோம். ஆகவே தொழிலைக் குறிக்க 'வெளியுறவுப் பணி அதிகாரி' என்பதே தகும். அயல்நாட்டில் பணியாற்றும் காலத்துக்கு மட்டும் 'தூதரக அதிகாரி' எனலாம். 'தூதர்' என்பதைத் தூதரகத் தலைவருக்கே ஒதுக்க வேண்டும். காமன்வெல்த் நாடுகள் தம்முள் அனுப்பிக்கொள்ளும் தூதரகத் தலைவரை இலங்கையில் 'உயர்ஸ்தானிகர்' என்பர். இந்தியாவுக்கு வரும் பிரித்தானியத் தூதரகத் தலைவரும் அவ்வகையினரே.

இம்முறைப்படி, பிரெய்த்வெயிட்டை 1988 முதல் 1992 வரை மட்டுமே தூதர் என்று எழுதலாம். அந்த நான்காண்டுகளுக்குள்ளேயே சோவியத் ஒன்றியம் கலைந்தது; அவர் அதே மாஸ்கோவில் இருந்தபடியே ரஷ்யாவுக்கான தூதரானார். அதன்பின் பிரதமர் ஜான் மேஜரின் வெளியுறவு ஆலோசகராக இருந்தபோது அவர் மறுபடியும் தூதர் அல்லர்.