பன்னீர் ரோஜா: நீரிலிருந்து பூவுக்கு வந்த பெயர்

ஓசூர் பூ மார்க்கெட்டில் ஒரே பூவுக்கு மூன்று பெயர் காதில் விழும். தமிழ் பேசுபவர் ரோஜா என்பார். கன்னடமோ தெலுங்கோ பேசுபவர் குலாபி என்பார். வெளிறிய ரோஸ் நிறத்தில், தொட்டாலே இதழ் உதிர்கிற பழைய ரகம் கூடையில் குவிந்திருந்தால் அது பன்னீர் ரோஸ்.

பனி + நீர் = பன்னீர். தண் + நீர் தண்ணீர் ஆனதுபோலத்தான். பனி என்றால் இங்கே குளிர்ச்சி. மலையாளத்தில் இன்றும் பனிநீர் என்று முழுதாகவே சொல்கிறார்கள். ரோஜா இதழை வடித்து எடுத்த வாசனை நீருக்கு வைத்த பெயர் இது. அப்புறம் அந்த வாசனை வீசும் பூவுக்கே ஒட்டிக்கொண்டது. குலாபி வந்த வழியும் இதுவே. பாரசீகத்தில் குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர். குலாப் முதலில் பூநீர்தான். ரோஜா மட்டும் லத்தீன் ரோசாவிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. கடையில் விற்கும் பால்கட்டி பனீருக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது வேறு பாரசீகச் சொல்.

தனித்தமிழில் எழுதுவோர் ரோஜாவை முளரி என்கிறார்கள். பழைய இலக்கியத்தில் முளரி பெரும்பாலும் தாமரை. முட்செடி என்ற பொருளும் உண்டு. முள்ளை வைத்துப் பார்த்தால் பொருந்தும்தான், ஆனால் வாசனைக்கு அதில் இடமில்லை. எனக்குப் பன்னீர்ப்பூ என்பதே பிடித்திருக்கிறது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டில் 'பழந்தோட்ட ரோஜா' என்று ஒரு வகுப்பு உண்டு. 1867-இல் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜா வந்தது. ஹைப்ரிட் டீ எனப்படும் நவீன கலப்பின வகையில் அதுவே முதல். அதற்கு முன்பே இருந்த ரோஜாக் குடும்பங்கள்தான் அந்த வகுப்பு. நம் ஊர் மாலைகளில் சேரும் எட்வர்ட் ரோஸ் அப்படிப்பட்டதுதான். இந்தியப் பெருங்கடலில் பூர்போன் தீவில், இன்றைய ரீயூனியனில், டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த குடும்பம் அது. நம் வீடுகளில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்: நாட்டு ரோஜா. கடல் தாண்டி வந்ததை நாட்டு என்பது தவறில்லையா என்று கேட்கலாம். இங்கே நாட்டு என்பது பிறந்த இடத்தைச் சொல்லவில்லை. ஒட்டு இல்லாமல், அதாவது வேறொரு செடியின் வேர்மேல் ஒட்டவைக்காமல், தன் வேரிலேயே நிற்பதைச் சொல்கிறது.

எங்கள் வீட்டுத் துவைக்கல் ஓரம் நிற்கும் செடி பாட்டி நட்டது. பக்கத்து வீட்டு அம்மா பென்சில் கனத்தில் ஒடித்துக் கொடுத்த குச்சி, மழைக்காலத்தில் செம்மண்ணில் ஊன்றியது. இன்று இடுப்புயரப் புதர். காலையில் ஏழு மணிக்குள் பறித்தால் விரலில் வாசனை மதியம்வரை இருக்கும். வெயில் ஏறினால் பாதி போய்விடும். அடியிலிருந்து எந்தக் கிளை வெடித்தாலும் அதே பூதான். ஒட்டுச் செடியில் அப்படியில்லை. ஒட்டுக்குக் கீழே வெடிப்பது அடிச்செடியின் கிளை. வெட்டாமல் விட்டால் அது மேல்செடியையே அமுக்கிவிடும்.

நர்சரிக்குப் போனால் பன்னீர் ரோஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். "ஒட்டா, குச்சி வைத்ததா?" என்றும் கேளுங்கள்.