குவாஷ்: ரத்தா, வாபஸா, வறிதாக்கலா?

"பணம் செட்டில் ஆயிடுச்சு, கேஸை வாபஸ் வாங்கிடுங்க." மோசடி வழக்கில் இரு தரப்பும் பேசி முடித்ததும் காதில் விழும் பேச்சு இது. ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் அதில் சாட்சிதான். தன் கையில் இல்லாத வழக்கை அவர் எப்படித் திரும்பப் பெறுவார்? வழக்கறிஞர்கள் அதனால்தான் "குவாஷ் போடணும்" என்கிறார்கள். அதாவது, வழக்கைச் செல்லாததாக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப்போடுவது.

வாபஸ் பாரசீகச் சொல். 'திரும்ப' என்று பொருள். ரத்து, 'ரத்த்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. திருப்பியனுப்புதல், ஏற்க மறுத்தல் என்பது அதன் மூலப்பொருள். ஊர்ப்பக்கம் சொல்லும் 'ராஜி'யும் அரபுதான்: மனம் ஒப்புதல். இதிலிருந்து கிளைத்த 'ராஜிநாமா' ஒரு காலத்தில் நீதிமன்றச் சமரசப் பத்திரத்தைக் குறித்தது. இந்தியிலும் உருதுவிலும் இன்னும் அப்படித்தான். தமிழில் அது பதவி விலகலாகிவிட்டது.

ஆங்கிலக் 'குவாஷ்' என்பதில் இரண்டு லத்தீன் வேர்கள் கலந்திருக்கின்றன. ஒன்று 'குவாஸ்ஸாரே', உலுக்கி நொறுக்குதல். மற்றது 'காஸ்ஸுஸ்', வெறுமையான, உள்ளீடற்ற. சட்டப்பொருள் இரண்டாவதிலிருந்து வந்தது. பிரான்சின் 'கஸாசியோன்' நீதிமன்றத்தின் பெயரிலும் இதே வேர்தான். ஆகவே குவாஷ் என்றால் வழக்கை முடிப்பதன்று, அதை வெறுமையாக்குவது. தீர்ப்பு கிடையாது, குற்றவாளியா இல்லையா என்ற விடையும் கிடையாது. வழக்கே செல்லாமல் போகிறது.

இதற்கு நேர்ச்சொல் தமிழில் இருக்கிறது: வறிதாக்கல். இலங்கைச் சட்டத்தமிழில் 'வறிதான' என்பது சட்டப்படி செல்லாத ஒன்றைக் குறிக்கப் புழங்கும் சொல். 'வறிது சிறிதாகும்' என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்லும் அளவுக்குப் பழையது. வறுமை, வறியவர் எல்லாம் இதன் உறவுகள். ரயில், உரிமம், ஜாமீன் எல்லாமே 'ரத்து' ஆகிற தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கடன் வாங்கினால் குறைந்துபோக மாட்டோம். 'தள்ளுபடி' இந்த இடத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது: குவாஷ் மனு தள்ளுபடியானால் வழக்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள். செய்தித் தலைப்புகளில் 'ரத்து', 'தள்ளுபடி' இரண்டும் இடம் மாறி வருவதுண்டு.

ராஜிக்கும், அதாவது சமரசத்துக்கும், குவாஷுக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359, எந்தெந்தக் குற்றங்களைத் தரப்பினர் சமரசம் செய்துகொள்ளலாம் என்று பட்டியலிடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவான மோசடி (இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318(4)), 406ஆம் பிரிவான நம்பிக்கை மோசடி (இப்போது 316(2)) இரண்டும் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யத்தக்கவை. மாஜிஸ்திரேட்டே முடித்துவைக்கலாம், விளைவு விடுதலை. சிக்கல் எங்கே வருகிறது? அதே முதல் தகவல் அறிக்கையில் 468, 471 என்று போலி ஆவணப் பிரிவுகளும் ஏறியிருக்கும்போது. அவை பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே சமரசம் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அப்போது மிச்சமிருக்கும் வாசல் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்: பழைய 482, 2024 ஜூலை 1 முதல் 528.

சமரசம் செய்யத்தகாத குற்றத்தையும் இந்த அதிகாரத்தால் வறிதாக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2012இல் கியான் சிங் வழக்கில் உறுதிசெய்தது. வணிகம், கடன், கூட்டுத்தொழில் போன்ற, அடிப்படையில் சிவில் தன்மையுள்ள தகராறுகளுக்கே இது முக்கியமாகப் பொருந்தும். பொருளாதாரக் குற்றம் என்றால் கதை வேறு. வங்கியில் போலி ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கிவிட்டு, மாட்டிய பிறகு கட்டித் தீர்த்தாலும் வழக்கு வறிதாகும் என்று நம்ப முடியாது. பாதிக்கப்பட்டது வங்கி மட்டுமன்று என்பது நீதிமன்றப் பார்வை. 2017இல் பர்பத்பாய் ஆஹிர் வழக்கில், நில அபகரிப்புக்காகப் போலி ஆவணம் தயாரித்ததான குற்றச்சாட்டில், சமரசம் இருந்தும் குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்ததை உச்ச நீதிமன்றம் சரி என்றது.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இந்த மனு 'கிரிமினல் ஓ.பி.' (கிரிமினல் ஒரிஜினல் பெட்டிஷன்) என்ற பெயரில் எண் பெறும். கூட்டுச் சமரச மெமோவில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். புகார்தாரரின் பிரமாண வாக்குமூலமும் அடையாளச் சான்றும் கூடவே போகும். பெரும்பாலும் இரு தரப்பும் நேரில் தோன்ற வேண்டும். வந்திருப்பவர் அவர்தான் என்று காவல் அதிகாரி உறுதி சொல்வார். ஏற்றுக்கொண்டால் மெமோவே ஆணையின் பகுதியாகும். தொகை, தேதி, வங்கிப் பரிமாற்ற எண் மூன்றும் அதில் இருக்கட்டும். 'கணக்கு நேராகிவிட்டது' என்று மட்டும் எழுதுவது போதாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மெமோவில்தான். பின்தேதியிட்ட காசோலைகளை வாங்கிக்கொண்டு குவாஷுக்குச் சம்மதிக்கும் புகார்தாரர், காசோலை திரும்பினால் தவிக்கிறார். வறிதான வழக்கு தானாக உயிர்பெறாது. அவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு: வங்கியின் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்தபின் பணம் கட்ட 15 நாள், அதிலும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். ஆக, முழுத்தொகையும் கைக்கு வந்த பிறகு கையெழுத்திடுவதே நல்லது.

இன்னொன்று, பலர் பணம் இழந்த வழக்கில் புகார் எழுதிய ஒருவரிடம் மட்டும் பேசி முடிப்பது. மற்றவர்கள் வெளியே நிற்கும்போது 'தரப்பினர் சமரசம்' என்ற வாதமே நிற்காது.

மிக ஆபத்தானது வாக்குமூலத்தின் ஒரு வரி: "தவறான புரிதலால் பொய்ப் புகார் கொடுத்துவிட்டேன்." வழக்கைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று எழுதும் இந்த வரி, பொய்ப்புகார் கொடுத்த குற்றத்தைப் புகார்தாரர் தலையிலேயே ஏற்றக்கூடும். அதற்குப் பதில் இப்படி எழுதினால் போதும்: "தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், வழக்கைத் தொடர்வதில் விருப்பமில்லை, யார் வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்." இதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை.