ஜெபக்கூடத்தை மூடச் சொன்னால் முதலில் எதைக் கேட்பது?

"இதை நடத்த அனுமதி எடுத்தீங்களா?" இலங்கையில் சிறு சபை நடத்தும் போதகர்கள் பலர் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். கேட்பவர் கிராம உத்தியோகத்தராகவோ பொலிஸாராகவோ இருக்கும்போது, பதில் தெரியாமலே பலர் கூட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்த வேண்டியதில்லை.

அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் கொடுக்கிறது. பலர் அதோடு வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள். 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் உரிமைகள் எல்லா மதங்களுக்கும் உண்டு என்று அதே உறுப்புரையே சொல்கிறது. 10ஆவது, விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதற்கு அரசு எந்த மட்டுப்பாடும் போட முடியாது. 14ஆவது, தனியாகவும் கூட்டாகவும், வெளிப்படையாகவும் வீட்டுக்குள்ளும் வழிபடவும் போதிக்கவும் குடிமக்களுக்குள்ள உரிமை. இதை மட்டுப்படுத்தலாம். ஆனால் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறர் உரிமை போன்ற காரணங்களுக்காக, அதுவும் சட்டத்தின் மூலமே.

சிக்கல் அங்கேதான். புதிய வழிபாட்டிடம் கட்ட மத விவகார அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்று 2008இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டடம் பற்றிய அதைக் காட்டி, ஏற்கெனவே நடக்கும் ஜெபக்கூட்டங்களையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சுற்றறிக்கை என்பது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அல்ல. வீட்டில் நாலு பேர் கூடி ஜெபிக்க முன் அனுமதி வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. புதுக் கட்டடம் என்றால் பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும், அது வேறு விஷயம். பள்ளிவாசல்கள் வக்பு (முஸ்லிம் அறக்கொடை) சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டும், அதுவும் வேறு. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை உயர் நீதிமன்றம் 2007இல் விதித்த கட்டுப்பாடு கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சபைக்கும் ஒன்றுதான்.

ஆகவே யாராவது நிறுத்தச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் கையொப்பம், என்ன திகதி என்று கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் வந்தவரின் பெயர், பதவி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்துவையுங்கள். பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்காதீர்கள்.

சரி, உரிமை மீறப்பட்டுவிட்டது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு மாதத்தில்தான் நம்மவர்களின் நியாயமான வழக்குகள் பல கைநழுவுகின்றன. பெரியவர்களை வைத்துப் பேசுவோம், பிரதேச செயலாளருக்குக் கடிதம் போடுவோம் என்று நாள் போய்விடும். தகவலறியும் சட்டத்தின் கீழ் சுற்றறிக்கையைக் கேட்டாலும், முடிவு சொல்லவே அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன. அதனால் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிடுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு ரசீது மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அடிப்படை உரிமை மனு அரசுக்கும் அதன் அதிகாரிகளுக்கும் எதிராகத்தான் செல்லும். அயலவர் கல்லெறிந்தால், வழிபாட்டைக் குழப்பினால், அது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பொலிஸில் முறையிட வேண்டும். பொலிஸார் வேண்டுமென்றே கைகட்டி நின்றால், அப்புறம் அந்தச் செயலின்மைக்கு எதிராக மனுப் போடலாம்.

நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். கொவிட் காலத்தில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி 2020 ஏப்ரலில் வந்தது. முஸ்லிம்களுக்கு அடக்கம் செய்வது மதக் கடமை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், அதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் விசாரணைக்கே எடுக்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாறி, மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் (இறந்தவர்களின் உடல்கள்) கிழக்கிலுள்ள ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. தூரத்துக் குடும்பங்கள் கப்றடிக்கு (அடக்கம் செய்த இடத்துக்கு) வர எத்தனை மணிநேரம் பயணம் செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி தருவார்கள். போகும்போது குறிப்பு எழுதிய தாள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.