புது வீட்டுக்கு மாதம் எவ்வளவு?

பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் குடியிருப்போர் கூட்டம் கூடும். அங்கே முதல் கேள்வி எப்போதும் 'எத்தனை சதுர அடி?' என்பதுதான். அடுத்து 'எந்த மாடி?' அதற்கடுத்து 'வெளியே வாடகைக்குப் போகப் பணம் எப்போது வரும்?' சென்னையில் கட்டடக் கலைஞராக இருக்கும் எனக்கு இத்தகைய கூட்டங்களில் வரைபடத்தை விரித்து விளக்குவதும் வேலையின் ஒரு பகுதி. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை: குடிபோன பிறகு இந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகும்?

மலிவு விலை வீடு என்றால் கட்டும்போதோ வாங்கும்போதோ ஆகும் விலையை மட்டுமே எல்லோரும் கணக்கிடுகிறோம். மீன் விற்பவருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் அந்த விலையில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. அதன் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மாதாமாதம் வரும் செலவைத்தான் அவர்கள் சுமக்க வேண்டும்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. தொடக்க காலத்தில் அது கட்டிய குடியிருப்புகள் பெரும்பாலும் மூன்று மாடிக்கு மேல் போகவில்லை. வீடு சிறியது, லிஃப்ட் கிடையாது, குழாயில் தண்ணீர் ஏறாது, குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். குறைகள் ஏராளம். ஆனால் ஊருக்கு நடுவில், வேலைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் இருந்தன. பின்னாளில் சென்னையின் தென் விளிம்பில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் இழந்தது இந்த ஒன்றைத்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் போனவர்களில் பலர் பழைய வேலைக்கே பஸ் பிடித்து நகரத்துக்குள் வந்துபோனார்கள். பஸ்ஸில் போன பணத்தையும் நேரத்தையும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் யாரும் எழுதவில்லை. ஆகவே, இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவதைத் தயக்கமில்லாமல் ஆதரிக்கிறேன்.

இடிக்காமல் விடவும் முடியாத கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்த குடியிருப்பாளர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அது 1990-களில் கட்டப்பட்டது, நூற்றாண்டுக் கட்டடம் அல்ல. கடலோரக் காற்றில் உப்பு உண்டு. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் போதிய கனம் இல்லையென்றால் உப்பும் ஈரமும் உள்ளே இறங்கும். துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி பழுப்பாகத் தெரிகிறது என்றால் அதன் மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது நோயை மூடி வைப்பதே தவிர மருத்துவம் அல்ல. பொறியாளரை அழைத்து கம்பியின் நிலையைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில கட்டடங்களுக்குக் குழாய்களை மாற்றிப் பழுது பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் இடிக்க வேண்டும் என்று சொல்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

இனி மாடிக் கணக்கு. பழைய வீடு சுமார் 250 சதுர அடி, புதியது சுமார் 400 என்று வைத்துக்கொள்வோம். அதே மனையில் அதே குடும்பங்களுக்கே கட்டடம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கிறது. இந்த 400-இல் நடைபாதைப் பங்கும் சேர்ந்திருக்கிறதா, சுவருக்குள் எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லிஃப்ட், நடைபாதை, வாகனம் நிறுத்தும் தரைத்தளம், கூடுதலாகச் சேர்க்கப்படும் வீடுகள் எல்லாம் சேர்ந்தால் மூன்று மாடி ஐந்தாகும், சில இடங்களில் ஒன்பதாகும். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை உயரமல்லாத கட்டடம். தரைத்தளமும் ஐந்து மாடியும் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் உயரமான கட்டடம். தீயணைப்புக்கான பம்பு, குழாய்கள், தொட்டி, ஜெனரேட்டர் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பணம் கேட்கும். லிஃப்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, பொது மின் இணைப்புக்குக் கட்டணம் உண்டு, சில ஆண்டுகளில் கம்பிவடம் மாற்ற வேண்டும். இருபது வீட்டுக்காரர்கள் கட்டத் தவறினால் லிஃப்ட் நிற்கும். ஒன்பதாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டிக்கு அதன்பின் அந்த வீடு சிறைதான்.

மனை இடம் தந்தால் ஐந்து மாடியோடு நிறுத்தச் சொல்வேன். 'இன்னும் நூறு வீடு கூடுதலாகக் கிடைக்குமே' என்று அதிகாரிகள் கேட்பது நியாயமான கேள்விதான். அந்த நூறு வீடுகளின் பராமரிப்புப் பணம் யாருடைய பையிலிருந்து வரும் என்பதையும் சேர்த்து முடிவெடுத்தால் எனக்கு மறுப்பில்லை. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்காகத் திரட்டும் தொகைக்கு அரசு ஈடான பங்கு தரும் ஏற்பாடு அது. சங்கம் பதிவாகி, வங்கிக் கணக்கு தொடங்கி, வரவு செலவு எழுதினால்தான் இதனால் பயன். சாவி வாங்கிய பிறகு சங்கம் அமைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

மாதச் செலவில் மருத்துவச் செலவும் அடக்கம் என்று சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள். மும்பையின் கோவண்டி பகுதியில் மறுகுடியமர்வுக் கட்டடங்கள் சிலவற்றில் 3 மீட்டர் இடைவெளியில் கட்டடங்களை நெருக்கி நிறுத்தினார்கள். கீழ்மாடி வீடுகளுக்கு வெயிலும் காற்றும் போகவில்லை. 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அங்கே காசநோய் பரவியதை இந்த வடிவமைப்போடு தொடர்புபடுத்தியது. வரைபடத்தைப் பார்க்கும்போது எதிர்க் கட்டடம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, சமையலறை ஜன்னல் வானத்தைப் பார்க்கிறதா அல்லது குழாய்கள் இறங்கும் குறுகிய சந்துப் பக்கம் திறக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் காற்று உள்ளே வந்தாலும் வெளியேற வழியில்லை. மே மாதத்தில் இரவெல்லாம் இரண்டு மின்விசிறி ஓட வேண்டியிருக்கும். மேற்குச் சுவருக்கு மறைப்பும், மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடும் செலவு குறைந்த வேலைகள். பசுமைக் கட்டடச் சான்றிதழ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

புதிய கட்டுமான முறைகள் வந்திருக்கின்றன. பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், முன்பே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டியவை. வேறு சில இடங்களில் அலுமினிய அச்சு நிறுத்திச் சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்க்கிறார்கள். வேலை வேகமாக முடியும், தரமும் கண்காணிக்க எளிது. ஆனால் இப்படி அச்சில் வார்த்த வீட்டில் சுவரே தூண். பழைய வீட்டில் செய்ததுபோல் அலமாரிக்காகச் சுவரை உடைக்கக் கூடாது. இதைக் குடியேறும் நாளிலேயே சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், யாரும் ஒட்டுவதில்லை.

தரைத்தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய குடியிருப்பின் உயிர் அங்கேதான்: இட்லிக் கடை, இஸ்திரி வண்டி, தையல் இயந்திரம். புதிய வரைபடத்தில் அந்த இடம் முழுவதும் கார் நிறுத்தம் என்று கோடு போட்டிருக்கிறது, கார் வைத்திருப்பவரோ விரல் விட்டு எண்ணும் அளவுதான். சுற்றுச்சுவர் எழுப்பித் தெருவிலிருந்து கட்டடத்தைப் பிரித்தும் விடுகிறார்கள். தெருவைப் பார்த்த பக்கத்தில் பத்துக்குப் பத்தில் நாலு கடையும் ஓர் அங்கன்வாடியும் கேளுங்கள். கடை வாடகை சங்கத்துக்கு வந்தால் லிஃப்ட் செலவில் ஒரு பகுதி கழியும்.

வெளியே தங்கும் காலத்துக்கு அரசு தரும் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்து பின்னர் 24,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டடம் ஒன்றரை ஆண்டில் முடிந்தாலும் மாதத்துக்கு 1,300 ரூபாய்ச் சொச்சம். நகருக்குள் அந்தப் பணத்துக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. ஆகவே கட்டடங்களை ஒரேயடியாக இடிக்காமல், பகுதி பகுதியாக இடித்து, முதலில் முடிந்ததில் அடுத்த தொகுதியினரைக் குடிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரிய வளாகங்களில் இது சாத்தியம்.

காலி செய்யும் முன் ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் அட்டை, மின் அட்டை, கட்டிய தவணை ரசீதுகளின் நகல் உங்களிடம் இருக்கட்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் கதவு எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து வெறும் முத்திரைத் தாளில் வாங்கி இருபது ஆண்டாகக் குடியிருப்பவர்களுக்குச் சிக்கல் இந்தப் பட்டியலில்தான் தொடங்கும். கட்டடம் எழும்பிய பிறகு அதைத் திருத்த அலைவதைவிட, இடிக்கும் முன் எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது எளிது.